பைக் செயின் ஒரு இடத்தில் டைட், இன்னொரு இடத்தில் லூஸ்: மாற்றணுமா?

கேள்வி: பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் செயின் ஒரு இடத்தில் விறைப்பாக நிற்கிறது, அரைச் சுற்று தள்ளித் தொங்குகிறது. பக்கத் தகட்டில் 428H என்று இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்? டைட் வைத்தால் போதுமா? டீசலில் கழுவலாமா?

பதில் 1: முதல் எண் 4 என்பது பிட்ச். ஒரு பின்னின் (கண்ணிகளைக் கோக்கும் ஆணி) நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவரை 4/8 அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 28 என்பது உள் அகலத்தைக் குறிக்கும், சுமார் 7.9 மி.மீ. H என்றால் தகடு தடிமன் கூடியது. 520 செயினுக்குப் பிட்ச் 15.875 மி.மீ. என்பதால் உங்கள் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) அது உட்காரவே உட்காராது.

டைட் வைக்கும் முன் அளந்து பாருங்கள். செயினை இழுத்துப் பிடித்து 21 பின்களை எண்ணுங்கள். முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை, புதிதில் 254 மி.மீ. இருக்கும். மேனுவலில் வேறு வரம்பு சொல்லவில்லை என்றால், 256.5-ஐத் தாண்டியதும் மாற்றிவிடுங்கள். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்காது, அதனால் நாலு இடத்தில் அளக்கணும். மாற்றினால் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்துத்தான். கொக்கிபோல வளைந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும்.

பதில் 2: அளவு வரம்புக்குள் இருந்தால், விறைப்பான இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, அதை வைத்தே தொய்வைச் சரிசெய்யுங்கள். தொங்கும் இடத்தை வைத்து டைட் செய்வதுதான் பெரிய தப்பு. ஆள் உட்கார்ந்து ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) மேலே வரும்போது இரு ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடைத் தூரம் கூடும். விட்டுக்கொடுக்கத் தொய்வு இல்லையென்றால் முன் ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட் பேரிங் அடிவாங்கும். கீழ்ச் செயினின் நடுவில் மேலும் கீழுமாக மொத்தம் 20–30 மி.மீ. பல வண்டிகளுக்குச் சரி, ஆனால் ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் முடிவு. ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று கால் சுற்றாகச் சமமாகத் திருப்புங்கள். நட்டை முறுக்கியபின் தொய்வு மாறும், மறுபடி பாருங்கள்.

முன் ஸ்ப்ராக்கெட்டைத் தாண்டி வந்த பிறகும் நிமிராமல் மடங்கியே நிற்கும் கண்ணி இருக்கிறதா? அதன் தகடுகளுக்கு நடுவே செம்பழுப்புத் தூள் தெரிந்தால் உள்ளே பின் காய்ந்து துருவேறுகிறது. விறைப்பு பெரும்பாலும் அங்கேதான்.

பதில் 3: டீசலை விட மண்ணெண்ணெய் மேல், சீக்கிரம் காயும். மென்மையான பிரஷ் போதும். தகடுகளுக்கு இடையே கறுப்பு ரப்பர் வளையம் தெரிந்தால் அது ஓ-ரிங் செயின். பெட்ரோலும் கம்பி பிரஷும் கிட்டவே கூடாது. வளையம் கெட்டால் உள்ளே அடைத்த கிரீஸ் போய்விடும், திரும்ப நிரப்ப முடியாது.

துடைத்துக் காயவிட்டு, கீழ்ச் செயினின் உள்பக்கம் SAE 90 கியர் ஆயில் விடுங்கள். ஓடும்போது அதுவே வெளிப்பக்கம் பரவும். மிச்சத்தைத் துடைக்காவிட்டால் மண் ஒட்டி அரைக்கும். 500 கி.மீ.க்கு ஒரு தடவை, மழையில் ஓடினால் அன்றைக்கே.

எஞ்சினை ஆஃப் செய்து நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைக் கையால்தான் சுற்றணும். கியரில் ஓடவிட்டுத் துடைத்தால் துணியோடு விரலும் போகும். செயின் லாக்கை (செயினின் இரு முனையையும் இணைக்கும் கண்ணி) கழற்றினால், மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கணும்.