பின்பீப்பாய்: விஸ்கியின் இரண்டாம் முதிர்வுக்கு ஒரு கலைச்சொல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பீப்பாயில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த விஸ்கியை, புட்டியில் அடைப்பதற்கு முன் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ வேறொரு பீப்பாய்க்கு மாற்றி வைக்கும் முறையை ஆங்கிலத்தில் ‘ஃபினிஷ்’ என்கிறார்கள். விழுங்கிய பின் நாவிலும் தொண்டையிலும் நின்று மெல்ல மறையும் சுவைக்கும் அவர்களிடம் அதே சொல்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தமிழர்களான நாம் விஸ்கிச் சுவைக்குறிப்புகளைத் தமிழில் எழுதத் தொடங்கியது முதல் இந்த ஒரு சொல்லில்தான் மீண்டும் மீண்டும் முட்டிக்கொண்டு நிற்கிறோம். பீட்டர்மரிட்ஸ்பர்க் அண்ணன் ‘மெருகு’ என்று எழுதி வருகிறார். சாட்ஸ்வர்த்தில் தமிழ் வகுப்பு நடத்தும் அக்கா ‘நிறைவு’ என்று முன்மொழிந்திருக்கிறார். இருவர் மீதும் எனக்குள்ள மதிப்புக் குறையாமல், ‘பின்பீப்பாய்’ என்ற சொல்லை இங்கே முன்வைக்கிறேன்.

நாவில் நிற்பதற்குப் ‘பின்சுவை’ என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே பீப்பாய்க்கு வருகிறேன்.

சொல்லைத் தேடுவதற்கு முன் பீப்பாய்க்குள் நடப்பது என்ன என்பதைப் பார்த்துவிட வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி, பெரும்பாலும் மக்காச்சோளத்தில் வடிக்கும் அந்நாட்டுப் பூர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக் கலத்தில்தான் வைக்க வேண்டும்; அதே கலத்தில் இரண்டாம் முறை பூர்பனை ஊற்ற முடியாது. அதனால் ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் ஒருமுறை பயன்பட்டதும் விலைக்கு வருகின்றன. ஸ்காட்லாந்து வடிசாலைகளும் நம் மேற்கு கேப் மாகாணத்து வெலிங்டனில் 1886-இல் தொடங்கிய ஜேம்ஸ் செட்ஜ்விக் வடிசாலையும் பெருமளவில் நம்பியிருப்பது இவற்றைத்தான். விஸ்கியின் நீண்ட உறக்கம் இந்த முதற்கலத்தில் நடக்கிறது. வனிலாவை நினைவூட்டும் மணமும் பொன்னிறமும் ஓரளவு துவர்ப்பும் அங்கே சேர்ந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு ஷெர்ரி, போர்ட் என்னும் செறிவூட்டிய வைன்களோ செவ்வைனோ இருந்த இன்னொரு பீப்பாய்க்கு மாற்றும்போது, அந்த மரப்பலகைக்குள் ஊறிப்போயிருக்கும் வைன் விஸ்கியோடு கலக்கிறது. புதிய மரமும் தன் பங்குக்குத் துவர்ப்பைத் தருகிறது. 1980-களில் ஸ்காட்லாந்தின் பால்வெனி வடிசாலையில் டேவிட் ஸ்டூவர்ட் இதைத் திட்டமிட்ட முறையாகவே செய்து காட்டிய பின், இன்று இதைச் செய்யாத வடிசாலையைக் காண்பது அரிதாகிவிட்டது.

இந்தப் பின்னணியில் ‘மெருகு’ பொருந்தவில்லை என்றே கருதுகிறேன். மெருகு என்பது மேற்பரப்பில் ஏற்றுவது. உள்ளிருக்கும் பொருளை அது மாற்றாது. இரண்டாம் பீப்பாயோ விஸ்கியின் உட்பொருளையே மாற்றிவிடுகிறது, சில வேளைகளில் கெடுத்தும் விடுகிறது. அளவுக்கு மீறி வைன் பீப்பாயில் கிடந்து தானியச் சுவையை முற்றாக இழந்துவிட்ட விஸ்கியை நாம் எல்லோரும் சுவைத்திருக்கிறோம். அதை எழுத வரும்போது ‘மெருகு கூடிக் கெட்டுவிட்டது’ என்று எப்படி எழுதுவது? ‘நிறைவு’ என்பதிலும் இதே சிக்கல்தான். அது பாராட்டைத் தன்னுள் வைத்திருக்கும் சொல். சுவைக்குறிப்பில் பாராட்டும் குறையும் எழுதுகிறவரின் தீர்ப்பாக வர வேண்டுமே தவிர, செய்முறையின் பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கக் கூடாது.

‘மணமேற்றம்’ என்று சொல்லலாமே என்ற கேள்வி சென்ற மடலில் வந்தது. அழகான சொல்தான், ஆனால் பெயின்ஸ் கேப் மவுண்டன் விஸ்கியை வைத்துப் பாருங்கள். 2009-இல் வெளிவந்த இந்த விஸ்கி, இங்கே நாம் மீலி என்று சொல்லும் மக்காச்சோளத்தில் வடிப்பது. ஒரு பூர்பன் பீப்பாயில் முதிர்ந்த பின் அதை மாற்றுவதும் இன்னொரு பூர்பன் பீப்பாய்க்குத்தான். அங்கே வேறு மதுவின் மணம் எதுவும் ஏறுவதில்லை, மரத்தின் பங்குதான் இரட்டிக்கிறது. மணமேற்றம் என்று பெயர் வைத்துவிட்டால் நம் நாட்டின் இந்த விஸ்கியே அந்தப் பெயருக்கு வெளியே போய்விடும். ‘ஊறல்’ என்ற சொல்லையும் நான் தவிர்க்கிறேன். வடிப்பதற்கு முன் நொதிக்கும் கலவைக்குத் தமிழ்நாட்டில் ஊறல் என்ற பெயர் நன்றாக வேரூன்றியிருக்கிறது. அதை அங்கேயே இருக்க விடுவதுதான் முறை.

‘கடைப்பீப்பாய்’ என்ற சொல்லும் என் மனத்தில் இருந்தது. கடைமடை, கடைக்குட்டி என்பவற்றில் ‘கடை’ கடைசியைக் குறிப்பதுபோல இங்கும் குறிக்கும் என்று எண்ணினேன். ஆனால் மதுவைப் பற்றிய எழுத்தில் கடை என்றதும் மதுக்கடைதான் முன்னே வந்து நிற்கும். அதுவும், நேட்டாலில் பிறந்து மாலை வகுப்புகளில் தமிழ் படித்த நம் இளையோர், சொல்லின் பழைய பொருளைத் தேடிப் போகாமல் தெரிந்த பொருளிலேயே அதைப் படிப்பார்கள். அவர்களுக்கு விளங்காத சொல் இந்த ஊரில் நிலைக்காது என்பதை ஒவ்வொரு சொல்லுக்கும் நாம் அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது.

‘பின்பீப்பாய்’ இந்தச் சிக்கல்கள் எதிலும் அகப்படவில்லை. முன்பனி, பின்பனி என்று காலத்தைப் பிரித்த மொழியில் முன்பீப்பாய், பின்பீப்பாய் என்று பிரிப்பது இயல்பாகவே வருகிறது. பின்பீப்பாயில் முன்பு இருந்தது ஷெர்ரியா, பூர்பனா, வேறொன்றா என்பதைப் பற்றிச் சொல் முன்கூட்டியே எதையும் சொல்லிவிடுவதில்லை. இரண்டாம் பீப்பாயில் நான்கு மாதம் கிடந்தாலும் நான்கு ஆண்டு கிடந்தாலும் அதே சொல் பொருந்தும். காலத்தை அருகில் எண்ணால் குறித்துவிடலாம். பின்சுவை என்ற சொல்லோடு பக்கத்தில் வந்தாலும் குழப்பம் இல்லை.

எழுதிப் பார்க்காமல் சொல்லை ஏற்கச் சொல்வது சரியல்ல. ஜேம்ஸ் செட்ஜ்விக் வடிசாலையின் த்ரீ ஷிப்ஸ் வரிசையில் வெளிவந்த, பினோட்டாஜ் வைன் பீப்பாயில் முடித்த 15 ஆண்டு விஸ்கியை நான் இப்படி எழுதுவேன்: “முன்பீப்பாய் தந்த தேன் மணம் முகர்ந்தவுடன் தெரிகிறது, சற்றுப் பொறுத்து முகர்ந்தால் பினோட்டாஜ் பின்பீப்பாயின் நாவற்பழ வாடையும் மெல்லிய புகையும் எழுகின்றன. நாவில் முதலில் இனிப்பு, நடுவில் கொட்டைப்பாக்கை மென்றது போன்ற துவர்ப்பு. பின்சுவை நீளமானது, உலர்ந்தது. பின்பீப்பாய் அடக்கமாக நிற்கிறது.” கடைசி இரண்டு தொடர்களில் பின்சுவை, பின்பீப்பாய் என்ற இரண்டு சொற்களும் அருகருகே நின்று தத்தம் வேலையைச் செய்வதைக் காணலாம். பினோட்டாஜ் 1925-இல் ஸ்டெலன்பாஷில் அபிரகாம் பெரால்ட் பினோ நுவாரையும் சின்சோவையும் இணைத்து உருவாக்கிய, இந்த மண்ணுக்கே உரிய திராட்சை. அதன் பீப்பாயைப் பற்றித் தமிழில் முதலில் எழுத வேண்டியவர்கள் இங்கிருக்கும் நாம்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டிய வேறு சில சொற்களும் உள்ளன. ‘ஃபர்ஸ்ட் ஃபில்’ என்பதை ‘முதல் நிரப்பு’ என்று எழுதுவது தவறான பொருளைத் தரும்; ஏனெனில் அந்தப் பீப்பாய் முதன்முதலில் நிரம்பியது பூர்பனாலோ ஷெர்ரியாலோதான். அதன் பிறகு வரும் விஸ்கியின் முதல் முறையைத்தான் அச்சொல் குறிக்கிறது. ஒரு பாத்திரத்தில் ஒருமுறை இட்டு எடுப்பதற்கு நம் அடுக்களையில் ‘ஈடு’ என்ற சொல் இருக்கிறது. ஆகவே முதல் ஈட்டுப் பீப்பாய், இரண்டாம் ஈட்டுப் பீப்பாய் என்று எழுதலாம். தேங்காயில் முதற்பாலுக்குப் பின் எடுக்கும் பால் நீர்த்துப்போவதைப்போல, ஈடு கூடக்கூட மரம் தரும் சுவையும் குறைந்துகொண்டே போகும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ‘முதல் ஈடு’ என்பதைச் சேர்த்து எழுதினால் முதலீடாகிவிடும்; பிரித்தே எழுத வேண்டும்.

இன்றைய ஷெர்ரிப் பீப்பாய்களில் பெரும்பாலானவை விஸ்கிக்காகவே செய்து, சில காலம் ஷெர்ரியை ஊற்றி வைத்துத் தயாராக்கியவை. புதிய மண்சட்டியையும் இரும்புக் கல்லையும் ‘பழக்கி’ எடுப்பது என்கிறோமே, அதே வினையை இங்கும் ஆளலாம்: ஷெர்ரியில் பழக்கிய பீப்பாய். உட்புறத்தைத் தீயில் எரித்துக் கரியாக்கியிருந்தால் கருக்கிய பீப்பாய், மெல்லிய சூட்டில் சிவக்க விட்டிருந்தால் வாட்டிய பீப்பாய்.

மரத்தின் வழியே ஆண்டுதோறும் காற்றில் போய்விடும் அளவுக்கு ‘ஆவிப்பங்கு’ என்று எழுத விரும்புகிறேன். நீராவிக்கும் உடல் துறந்த உயிருக்கும் தமிழில் ஆவி ஒன்றே என்பதால், ஆங்கிலத்தில் ‘ஏஞ்சல்ஸ் ஷேர்’, அதாவது தேவதூதர்களின் பங்கு, என்று சொல்லும் கற்பனை இதில் தானாகவே வந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தில் ஆவிப்பங்கு ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு என்பது பொதுக்கணக்கு. வெலிங்டனின் வெயிலில் அதைவிடக் கூடுதல், பெங்களூரில் அதையும்விட அதிகம். விஸ்கியின் வயதை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது என்று நாம் எழுதும்போதெல்லாம் இச்சொல் தேவைப்படும்.

‘மெச்சூரேஷன்’ என்பதற்குப் பெயர்ச்சொல்லாக ‘முதிர்வு’ போதும். வினையாக எழுதும்போது ‘விளைதல்’ என்பதையும் மறக்க வேண்டாம். மலையில் வாழ்ந்தவர்கள் மூங்கிற்குழாயில் வைத்து எடுத்த தேறலைச் சங்கப் புலவர்கள் ‘விளைந்த’ தேறல் என்றே பாடினார்கள். மரப்பாத்திரத்தில் மது பக்குவப்படுவதற்கு நம் மொழியில் இவ்வளவு பழைய வினை இருக்கும்போது, ‘பூர்பன் பீப்பாயில் எட்டாண்டு விளைந்தது’ என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை. ‘விளைவு’ என்ற பெயர்ச்சொல் மட்டும் வேண்டாம். பலன் என்ற பொருள் அதில் அழுத்தமாகப் படிந்துவிட்டது.

நீர் சேர்க்காமல் பீப்பாயில் இருந்த செறிவிலேயே அடைக்கும் விஸ்கிக்குப் ‘பீப்பாய் வீரியம்’ என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன். மருந்து வாடை அடிக்கிறது என்று அக்கா முன்பே சொன்னார். அந்தக் குறை எனக்கும் தெரிகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் இருப்பவர்கள் எழுதுங்கள். பின்பீப்பாய் என்பதற்கு மறுப்பு உள்ளவர்கள், அச்சொல்லை வைத்து ஒரு சுவைக்குறிப்பை எழுதிப் பார்த்து, எந்த இடத்தில் இடறுகிறது என்று காட்டினால் விவாதத்தை அங்கிருந்து தொடரலாம்.

அன்புடன்,
டர்பனிலிருந்து ஓர் உறுப்பினர்