பிரிட்டிஷ்காரங்க குணம் பத்தி பத்து நிமிஷம் பேசணும், டீயும் க்யூவும் விட்டா வேற என்ன இருக்கு?

ஓரல்_பயம்:
எல்லாருக்கும் வணக்கம். இங்கிலீஷ் கோர்ஸ்ல கடைசி ஓரல் டெஸ்ட், எனக்கு வந்த தலைப்பு பிரிட்டிஷ் கலாச்சாரம், ஃபேமஸ் இடங்கள், அங்க இருக்கற ஜனங்களோட குணம். பத்து நிமிஷம் நான் பேசணும், அப்புறம் எக்ஸாமினர் குடைவாங்க. புக்கைத் திறந்தா எல்லாம் ஒரே பாட்டு தான், அமைதியானவங்க, ரொம்ப மரியாதை, மழை பத்தி பேசுவாங்க, டீ குடிப்பாங்க, வரிசைல நிப்பாங்க, கூடவே பிக் பென், டவர் பிரிட்ஜ், அரண்மனை வாசல்ல கரடித்தோல் தொப்பி போட்ட சோல்ஜர் போட்டோ. கிளாஸ்ல எல்லாரும் இதையே தான் ஒப்பிக்கப் போறாங்க, அதுவும் போக ஆறு கோடிக்கு மேல ஜனம் இருக்கற நாட்டுக்கு ஒரே குணம்னு சொல்றதே எனக்கு ஒரு மாதிரி இருக்கு. அங்க இருக்கறவங்க, படிச்சவங்க, யாரா இருந்தாலும் தங்கச்சிக்கு ஹெல்ப் பண்ணுங்க. லண்டனைத் தாண்டி இடங்கள் இருந்தா இன்னும் நல்லது.

லீட்ஸ்வாசி:
தங்கச்சி, மொதல்ல பிரிட்டன்னா இங்கிலாந்துன்னு பேசிடாதீங்க, அங்கயே மார்க் போயிடும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூணும் ஒரே தீவுல, வட அயர்லாந்தையும் சேத்தா தான் யுனைடெட் கிங்டம். இது வெறும் மேப் விஷயம் இல்ல. 1707ல ஸ்காட்லாந்து பார்லிமென்ட் இங்கிலாந்தோட சேந்தப்பவே தன்னோட சட்டத்தையும் கோர்ட்டையும் விட்டுக்குடுக்கல, இன்னிக்கும் அது தனி தான், ஸ்கூல் எக்ஸாம் தனி, பவுண்ட் நோட்டு கூட அங்க இருக்கற பேங்க் தனியா அடிக்குது. வேல்ஸ் போனா ரோடு போர்டு எல்லாம் ரெண்டு மொழில இருக்கும், 2021 சென்சஸ்ல அங்க கிட்டத்தட்ட 18 சதவீதம் பேர் வெல்ஷ் பேசத் தெரியும்னு சொல்லியிருக்காங்க. கார்டிஃப்ல ஒருத்தரைப் பாத்து நீங்க இங்கிலீஷ்காரர் தானேன்னு கேட்டுப் பாருங்க, மூஞ்சி எப்படிப் போகுதுன்னு தெரியும்.

அப்புறம் இந்த "ரிசர்வ்டா இருப்பாங்க"ங்கறது லண்டன் ட்யூப்ல, அதான் அங்க பூமிக்கு அடியில ஓடற ரயில்ல உக்காந்து எவனோ எழுதினதுன்னு நினைக்கிறேன். இங்க வடக்குல, லீட்ஸ்ல, பஸ்ஸை விட்டு இறங்கறப்ப டிரைவருக்கு தேங்க்ஸ் சொல்றது சர்வ சாதாரணம், கடைல அம்மா "லவ்"னு தான் கூப்பிடும், பஸ் ஸ்டாப்ல பாட்டி தன்னோட முட்டி ஆபரேஷன் கதையை நாம கேக்காமலே முழுசா சொல்லி முடிச்சிடும்.

பழைய_வாத்தியார்:
லீட்ஸ் தம்பி சொன்னது சரி. நான் இன்னொரு வழி சொல்றேன் பாரும்மா. குணத்தை லிஸ்ட் போடாதே, அந்தக் குணம் எப்படி உருவாச்சுன்னு பேசு. "கீப் காம் அண்ட் கேரி ஆன்" போஸ்டர் தெரியும்ல, சிவப்புல கிரீடம் போட்டு, கப், டீ ஷர்ட் எல்லாத்துலயும் இருக்குமே. அது தான் போர்க்காலத்து பிரிட்டிஷ் மனஉறுதின்னு எல்லாரும் சொல்லுவாங்க. நடந்தது என்னன்னா 1939ல அரசாங்கம் சுமார் 25 லட்சம் காப்பி அடிச்சு, பெரிய குண்டுவீச்சோ படையெடுப்போ வந்தா ஒட்டலாம்னு ஸ்டாக் வெச்சுது. கடைசில ஒட்டவே இல்லன்னு சொல்லலாம், 1940ல காகிதப் பஞ்சத்துல பெரும்பகுதியைக் கூழாக்கிட்டாங்க. 2000ல வடக்கே ஆன்னிக்னு ஒரு சின்ன ஊர்ல, பழைய ரயில்வே ஸ்டேஷன்ல நடக்கற செகண்ட் ஹேண்ட் புக் கடைல, ஏலத்துல எடுத்த புக் பெட்டிக்கு அடியில ஒரு காப்பி கிடைச்சுது. சும்மா பிரேம் போட்டு மாட்டினாங்க, வர்றவங்க எல்லாம் எனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு கேக்க, காப்பி அடிச்சு விக்க ஆரம்பிச்சாங்க. ஆக, குண்டு விழுந்தப்ப வாழ்ந்த ஜனங்க பெரும்பாலும் அந்த போஸ்டரைக் கண்ணாலயே பாக்கல, பேரன் பேத்திங்க தான் இது எங்க தாத்தா குணம்னு கப்ல போட்டு டீ குடிக்கறாங்க.

கட்டடங்களும் அப்படித்தான். பார்லிமென்ட்டைப் பாத்தா ஏதோ மத்திய காலத்துது மாதிரி இருக்கும், ஆனா பழைய அரண்மனை 1834ல எரிஞ்சு போச்சு, வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலும் இன்னும் சில பகுதியும் தான் தப்பிச்சுது, மீதி எல்லாம் அதுக்கப்புறம் வேணும்னே பழைய கோதிக் பாணில கட்டினது. அந்தப் பெரிய கடிகாரம் ஓட ஆரம்பிச்சது 1859, நாலு வருஷத்துல அதே ஊர்ல பூமிக்கு அடியில ரயில் ஓடுது! டவர் பிரிட்ஜ் 1894, உள்ள எல்லாம் ஸ்டீல், பக்கத்துல இருக்கற டவர் ஆஃப் லண்டனோட ஒத்துப்போகணும்னு வெளிய கல்லு பதிச்சாங்க. ஸ்காட்லாந்து டார்ட்டன் (கட்டம் போட்ட கம்பளித் துணி) கதை இன்னும் ருசி. 1746ல ஹைலேண்ட், அதாவது ஸ்காட்லாந்து மலைப்பகுதி உடையை சட்டம் போட்டுத் தடை பண்ணின அதே அரச குடும்பத்துல இருந்து நாலாம் ஜார்ஜ் 1822ல எடின்பரா வர்றார், நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாட்டுல ராஜாவே டார்ட்டன் கட்டிக்கிட்டு நிக்கறார், அதுக்கப்புறம் அது மொத்த ஸ்காட்லாந்துக்கும் தேசிய உடை ஆயிடுச்சு. புதுசை செஞ்சிட்டு அதுக்குப் பழைய சட்டை மாட்டி விடறதுல அவங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது, என்னைக் கேட்டா குணம்னு ஒண்ணு சொல்லணும்னா இதைத் தான் சொல்லுவேன்.

குடை_மறந்தவன்:
சார் சூப்பர், ஆனா எல்லாமே பின்னாடி ஜோடிச்சதுன்னு சொல்ல முடியாதே. வரிசை நிஜம் தான். 2022ல எலிசபெத் ராணி உடலை நீங்க சொன்ன அதே வெஸ்ட்மின்ஸ்டர் ஹால்ல வெச்சப்ப தேம்ஸ் நதி ஓரமா மைல் கணக்குல க்யூ, ராத்திரி குளிர்ல விடிய விடிய நின்னாங்க, கைல பட்டை கட்டி விட்டாங்க, பாத்ரூம் போயிட்டு வந்தாலும் நம்ம இடம் அப்படியே இருக்கும். க்யூவோட வால் இப்ப எங்க இருக்குன்னு அரசாங்கமே யூட்யூப்ல லைவ் ஓட்டுச்சு. டேவிட் பெக்கம் பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல எல்லாரோடயும் நின்னு போனார். இதை யாரும் மேல இருந்து திணிக்கல.

இதைவிட எனக்குப் பிடிச்சது பப் க்யூ. கவுண்டர்ல வரிசையே இருக்காது, எல்லாரும் கண்டபடி சாஞ்சு நிப்பாங்க, ஆனா யாருக்கு அடுத்துன்னு நிக்கறவனுக்கும் தெரியும் ஊத்தறவனுக்கும் தெரியும், நடுவுல புகுந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பார்வையாலயே எரிச்சிடுவாங்க. ஃப்ரெண்ட்ஸோட போனா ஆளுக்கு ஒரு ரவுண்ட் எல்லாருக்கும் வாங்கணும், தன் முறை வர்றப்ப நைசா நழுவற ஆளை வருஷக்கணக்கா ஞாபகம் வெச்சிருப்பாங்க.

ரயில்_பைத்தியம்:
லண்டனுக்கு வெளிய இடம் கேட்டீங்கல்ல. ஸ்டோன்ஹெஞ்ச் எடுங்க, வட்டமா கல்லு நட்டு வெச்ச ரொம்பப் பழைய இடம். அங்க ப்ளூஸ்டோன்னு சொல்ற சின்னக் கல்லு எல்லாம் 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி வேல்ஸ்ல இருந்து வந்தது, நடுவுல படுத்திருக்கற பெரிய கல்லு ஸ்காட்லாந்தோட வடகிழக்குல இருந்து வந்திருக்குன்னு 2024ல ஆராய்ச்சி வந்துச்சு, நிக்கறது இங்கிலாந்துல. நாலு நாடு கதையை ஆரம்பிக்க இதைவிட என்ன வேணும். ஹேட்ரியன் சுவரும் சொல்லலாம், கி.பி. 122ல ரோமானியர் கட்ட ஆரம்பிச்சது, சுமார் 117 கிலோமீட்டர், ஆனா அது தான் ஸ்காட்லாந்து பார்டர்னு உளறிடாதீங்க, முழுசும் இங்கிலாந்துக்குள்ள இருக்கு. வட அயர்லாந்துக்கு ஜயன்ட்ஸ் காஸ்வே, சுமார் 40,000 பசால்ட் (எரிமலைப் பாறை) தூண், ராட்சசன் போட்ட பாதைன்னு கதை. எடின்பரா கோட்டைல 1861ல இருந்து மதியம் ஒரு மணிக்கு பீரங்கி சுடறாங்க (ஞாயிறு லீவு), கப்பல்காரங்க கடிகாரம் சரி பண்றதுக்காக வந்தது. ஏன் பன்னெண்டு மணிக்கு சுடலைன்னா பன்னெண்டு குண்டு செலவாகுமேன்னு அந்த ஊர்க்காரங்களே ஜோக் அடிப்பாங்க. தன்னைத் தானே கிண்டல் பண்ணிக்கறதும் குணத்துல சேத்துக்கோங்க.

லீட்ஸ்வாசி:
லண்டன்ல ஒண்ணு வேணும்னா பிரிக் லேன் மசூதி. 1743ல பிரான்ஸ்ல இருந்து தப்பி வந்த புராட்டஸ்டன்ட் ஜனங்க கட்டின சர்ச், அப்புறம் மெதடிஸ்ட் சேப்பல், அப்புறம் யூதர்களோட சினகாக், 1976ல இருந்து மசூதி. ஒரே கட்டடம்.

ஓரல்_பயம்:
ஐயோ எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வாத்தியார் சார் போஸ்டர் கதையை வெச்சுத் தான் ஆரம்பிக்கப் போறேன், அப்புறம் ஸ்டோன்ஹெஞ்ச், க்யூ, பிரிக் லேன். டார்ட்டன் டைம் இருந்தா. ஒரே ஒரு பயம், இதெல்லாம் சொன்ன பிறகும் "சரி, பிரிட்டிஷ்காரங்க மரியாதையானவங்களா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லு"ன்னு கேட்டா?

பழைய_வாத்தியார்:
கேக்கட்டும். எங்க, யார்கிட்ட, எந்த நேரத்துலன்னு திருப்பிக் கேளும்மா, லீட்ஸ் பஸ்ஸையும் லண்டன் ட்யூபையும் பக்கத்துல வெச்சுக் காட்டு, அதுலயே ரெண்டு நிமிஷம் ஓடிடும். அதைவிட முக்கியம், ஊர் பேரு எல்லாத்தையும் வாய்விட்டு சொல்லிப் பழகு. எடின்பர்க் இல்ல, எடின்பரா. கிரீன்விச் இல்ல, கிரெனிச். தேம்ஸ்னு இங்க எழுதறோம், அங்க டெம்ஸ். ஆன்னிக்கை ஸ்பெல்லிங் பாத்து ஆல்ன்விக்னு படிச்சேன்னா போஸ்டர் கதை முதல் வரிலயே படுத்துடும்.