கொட்டான் (பனை ஓலைக் கூடை) முடையச் சொல்லித்தர யாராவது இருக்கிறீர்களா? (காரைக்குடி)

குழுவில் உள்ள ஆச்சிமார், அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 34 வயது, மனச்சிதைவு நோய். ஐந்து மாதம் வெளியூர் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஆடியில் வீடு வந்தான். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறான். ஆனால் காலையில் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை அங்கேயேதான்.

மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) என்று தினமும் கூடை பின்ன வைத்தார்கள். சும்மா பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். அங்கிருந்த தெரபிஸ்ட் அக்கா சொன்ன பிறகுதான் புரிந்தது: இல்லாத குரல் காதில் கேட்பதை மாத்திரை குறைக்கும், ஆனால் நேரத்துக்கு எழுந்து குளித்து, நாலு பேரோடு உட்கார்ந்து ஒரு வேலையை முடிப்பது பழகினால்தான் வரும். அதனால் வேலையைச் சின்னச் சின்னப் படியாகப் பிரித்து, இன்றைக்கு ஓலை கிழிப்பது மட்டும், அது கைவந்த பிறகு அடுத்தது என்று போவார்களாம். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் நின்றுபோச்சு. தப்பு எங்கள் மேலும்தான், 'பாவம், ஓய்வெடுக்கட்டும்' என்று விட்டுவிட்டோம்.

வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், பனை ஓலைக் கொட்டான் சொல்லித்தரப் பொறுமையான ஆள் வேண்டும். கூலி தருகிறோம். நானும் கூடவே உட்காருவேன். கூட்டம், சத்தம் ஆகாது.

அப்புறம், காரைக்குடி, தேவகோட்டை, மதுரைப் பக்கம் மனநலத்தில் அனுபவமுள்ள ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தெரிந்தாலும் சொல்லுங்கள். 14416 டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசியாச்சு. கோயில், மந்திரிப்பு யோசனைகள் மட்டும் வேண்டாம், அதெல்லாம் ஆத்தா ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.