மாதவிடாய் நின்றது உறுதியாகாமல் மாத்திரையை மாற்றலாமா?

எனக்கு வயது 49. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள (அதாவது, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரக்கூடிய) மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து, 14 மாதங்களாகத் அந்த ஹார்மோன் புற்றுநோய்ச் செல்களில் செயல்படாமல் தடுக்கும் தமாக்சிஃபென் 20 மி.கி. தினமும் எடுத்து வருகிறேன். கீமோ தொடங்கியதிலிருந்து மாதவிடாய் வராததால் உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைக்கும் லெட்ரோசோல் 2.5 மி.கி.க்கு மாறும்படி மருத்துவர் கூறுகிறார். ஆனால் சினைப்பை இன்னும் இயங்கினால் அந்த மாத்திரை பலன் தராது என்பதோடு, ஓய்ந்திருக்கும் சினைப்பையை அது மீண்டும் தூண்டிவிடவும் கூடும் என்பதே என் அச்சம்.

திடீர் திடீரென வரும் உடற்சூட்டுக்கு வென்லாஃபாக்சின் மாத்திரை எடுத்தும் ஓரளவே குறைந்தது. இரவில் இரண்டு முறையாவது நனைந்த தலையணை உறையை மாற்றுகிறேன். ஒருமுறை செய்த இரத்தப் பரிசோதனையில் எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) குறைவாகவே இருந்தது, எனினும் அந்த ஒரே முடிவை நம்ப மனம் வரவில்லை.

இதே நிலையில் லெட்ரோசோலுக்கு மாறியவர்களுக்கு, மாறும் முன் எஸ்ட்ராடியால், எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) பரிசோதனைகளை எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் செய்தார்கள்?