பழைய பிஎஸ்3: சினிமா டிவிடி ஓடுகிறது, கேம் டிஸ்க் படிக்கவில்லை. வாங்கலாமா?

கோவைக்காரன்:
வணக்கம். பிளேஸ்டேஷன் 2, 3 (பிஎஸ்2, பிஎஸ்3) காலத்தில் வீட்டில் கேம் கன்சோல் கிடையாது. காட் ஆஃப் வார் முதல் இரண்டு பாகம், ஷேடோ ஆஃப் தி கொலோசஸ், இன்ஃபேமஸ் எல்லாவற்றையும் இப்போதாவது ஆடி முடித்துவிட வேண்டும். இரண்டு கன்சோல் வாங்கப் பணம் இல்லை. டிவியில் ஹெச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கிறது.

செகண்ட்ஹேண்ட் கடையில் ஒரு பிஎஸ்3 ஸ்லிம் (மெல்லிய மாடல்) பார்த்தேன். சினிமா டிவிடி போட்டுக் காட்டினார்கள், நன்றாக ஓடியது. கேம் டிஸ்க் போட்டால் சுற்றும் சத்தம் கேட்கிறது, ஆனால் திரையில் டிஸ்க் ஐகானே வரவில்லை. "டிஸ்க்கில் கீறல், மெஷின் ஓகே" என்கிறார் கடைக்காரர். பிஎஸ்2 டிஸ்க்கும் இதில் ஓடுமாம். நம்பலாமா?

பழைய ஜாய்ஸ்டிக்:
தம்பி, அவசரப்பட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். டிவிடியைப் படிப்பது சிவப்பு லேசர். பிஎஸ்3 கேம்கள் வருவது ப்ளூ-ரேயில், அதைப் படிப்பது நீல லேசர். இரண்டுக்கும் தனித்தனி டையோடு, அதாவது லேசரை உண்டாக்கும் பாகம். நீலம் மட்டும் பலவீனமானால் நீங்கள் சொன்ன மாதிரியேதான் நடக்கும்: படம் ஓடும், கேம் வராது. அதனால் டிவிடி ஓட்டிக் காட்டுவதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

கீறல்தான் காரணமா என்று பார்ப்பது சுலபம். வேறு இரண்டு மூன்று கேம் டிஸ்க்குகளைப் போடச் சொல்லுங்கள். எதுவுமே வராவிட்டால் பெரும்பாலும் லென்ஸ் (லேசர் உள்ள பகுதி) போயிருக்கும். டிஸ்க்கையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ப்ளூ-ரேயின் மேல் கடினமான பூச்சு உண்டு, லேசில் கீறல் விழாது. ஆனால் டேட்டா இருப்பது மேற்பரப்பிலிருந்து வெறும் 0.1 மி.மீ. ஆழத்தில். ஆழமாகக் கீறல் விழுந்துவிட்டால் பாலிஷ் போட்டும் பயனில்லை.

லென்ஸை மாற்றலாம், மாடலுக்கு மாடல் வேறு. ஒன்று முக்கியம்: டிரைவில் உள்ள போர்டு அந்த மதர்போர்டுடன் ஜோடி சேர்க்கப்பட்டது. மெக்கானிக் வேறொரு பிஎஸ்3யின் டிரைவை அப்படியே போர்டோடு தூக்கிப் போட்டால் கேம் ஓடாது. லென்ஸ் பகுதியை மட்டும்தான் மாற்ற வேண்டும்.

பிஎஸ்2 டிஸ்க் விஷயத்தில் அவர் சொன்னது தப்பு. எந்த ஸ்லிம்மிலும் ஓடாது. பிஎஸ்1 டிஸ்க் ஓடும்.

மாட்டுத்தாவணி கேமர்:
அப்படியென்றால் ஸ்லிம்முக்கு முன் வந்த தடிமனான ஃபேட் மாடல் வாங்கலாமே ப்ரோ? முன்பக்கம் 4 யூஎஸ்பி இருந்தால் பிஎஸ்2 டிஸ்க் எடுக்கும்.

பழைய ஜாய்ஸ்டிக்:
எடுக்கும், ஆனால் நான் வேண்டாம் என்பேன். அவற்றிலேயே சிலதில் பிஎஸ்2 சிப் முழுசாக இல்லை, எல்லா கேமும் ஓடாது. சூடும் அதிகம். மஞ்சள் லைட் ஒரு நொடி வந்து சிவப்பு மினுக்க ஆரம்பித்தால் முடிந்தது. சூடு காட்டி உயிர் கொடுத்து விற்பார்கள், அது நிலைக்காது.

தம்பி கேட்கும் கேம்களுக்கு ஃபேட் தேவையே இல்லை. காட் ஆஃப் வார் முதல் இரண்டும் ஒரே டிஸ்க்கில் கலெக்‌ஷனாக பிஎஸ்3க்கு வந்திருக்கின்றன. ஐகோவும் ஷேடோ ஆஃப் தி கொலோசஸும் 2011இல் சேர்ந்து வந்தன. ஹெச்டி படம், ஹெச்டிஎம்ஐ வயர் ஒன்று போதும். இன்ஃபேமஸ் எப்படியும் பிஎஸ்3தான். நல்ல ஸ்லிம் ஒன்று கிடைத்தால் எல்லாம் முடிந்தது.

கோவைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா, இது தெரியாமல் பிஎஸ்2 வேறு தேடிக்கொண்டிருந்தேன். இன்னொரு கடையில் பிஎஸ்3யின் கடைசி மாடலான சூப்பர் ஸ்லிம் 12 ஜிபி இருக்கிறது, விலையும் குறைவு. ஜெயில்பிரேக் செய்து (கம்பெனி போட்ட பூட்டை உடைத்து) கேம் ஏற்றித் தருவதாகவும் சொல்கிறார்கள்.

பழைய ஜாய்ஸ்டிக்:
12 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும், டிஸ்க் கேம்களே பல ஜிபி இன்ஸ்டால் கேட்கும். லேப்டாப்பில் போடும் 2.5 அங்குல சாட்டா ஹார்டு டிஸ்க்கைச் சேர்க்கலாம், ஆனால் அந்த மாடலுக்கு அதைத் தாங்கும் பிராக்கெட்டைத் தனியாக வாங்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

ஜெயில்பிரேக் வேண்டாம். ஆன்லைனில் போனால் கன்சோலையே தடை செய்யலாம். டிஸ்க்காகவே சேருங்கள். கேம் டவுன்லோட் விற்ற எக்ஸ்பாக்ஸ் 360 ஆன்லைன் ஸ்டோரை 2024 ஜூலையில் மூடிவிட்டார்கள், நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ ஸ்டோர்கள் 2023 மார்ச்சிலேயே போய்விட்டன. டிஸ்க் கையில் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

மாட்டுத்தாவணி கேமர்:
கன்ட்ரோலரையும் பாருங்கள், பிஎஸ்3யின் ஒரிஜினல் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 3க்குப் போலிகள் நிறைய. யூஎஸ்பி வயரைக் கழற்றிவிட்டு ஆடிப் பாருங்கள், பேட்டரி எவ்வளவு தாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கோவைக்காரன்:
சரி, முதல் கடையில் வேறு கேம் டிஸ்க் போட்டுக் காட்டச் சொன்னேன். மூன்று போட்டார், ஒன்றும் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சூப்பர் ஸ்லிம்மை சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்?

பழைய ஜாய்ஸ்டிக்:
குறைந்தது அரை மணி நேரம், மெனுவில் வைத்து இல்லை, கேம் ஆடி. ஃபேன் இரைச்சல் ஏறிக்கொண்டே போனால் உள்ளே தூசி இருக்கும், சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். அது சரிசெய்யக்கூடியதுதான், விலையில் குறைத்துக் கேளுங்கள். நடுவில் தானாக ஆஃப் ஆனால் எழுந்து வந்துவிடுங்கள்.