ரோமியோ ஜூலியட் தோட்டத்துக்கு வந்தால் அந்த இரண்டு குடும்பமும் யார்?

கேள்வி: நாடகக்குழுத் தம்பி, சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் இளைஞர் குழு இந்த வருஷக் கடைசியில் கோயில் மண்டபத்தில் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டைத் தமிழில் போடப் போகிறது. கதையை இத்தாலியில் விடாமல் பழைய ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவரலாம் என்று முடிவு. பெண் வீடு ஒரு சாதி, பையன் வீடு வேறு சாதி என்று எழுதத் தொடங்கினோம். பெண் வீட்டார் பேசுவதெல்லாம் கடகடவென்று வருகிறது. பையன் வீட்டார் வாயைத் திறக்கவேண்டிய இடத்தில் வசனம் வரவே மாட்டேன் என்கிறது. மூலத்தில் அந்த இரண்டு குடும்பத்துக்கும் அப்படி என்னதான் பகை?

ஜூலியட்டாக நடிக்கிற தங்கச்சி இன்னொன்று கேட்கிறாள்: "இவ்வளவு தைரியமான பொண்ணு ஏன் வீட்டை விட்டுக் கிளம்பிப் போகல?" அந்தக் காலத்து நிலைமை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஈப்போ ரசிகன்

சாதியையே வைங்க தம்பி, சனங்களுக்கு உடனே புரியும். மூலத்துல பகைக்குக் காரணமே சொல்லல. அப்போ நாம எந்தக் காரணத்த வெச்சாலும் பொருந்தும்தானே?

பதில்: ஓய்வுபெற்ற டீச்சர்

தம்பி, பையன் வீட்டு வசனம் வராததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு குடும்பமும் மதிப்பில் சமம் என்று சொல்லித்தான் நாடகமே தொடங்குகிறது. பணம், செல்வாக்கு, ஆள்பலம் எல்லாவற்றிலும் ஒன்றுக்கொன்று இளைத்ததில்லை. சாதிக் கொடுமை அப்படி நடப்பதில்லை. அதில் ஒருவன் மிதிக்கிறான், இன்னொருவன் மிதிபடுகிறான். அதைப் பற்றிக் கட்டாயம் நாடகம் போடவேண்டும், ஆனால் அது வேறு நாடகம். இந்தக் கதைக்குள் அதைத் திணித்தால் கடைசியில் மிதிபட்ட வீட்டையும் சேர்த்து "இரண்டு பேர் மேலயும் தப்பு" என்று சொல்லவைப்பீர்கள். கோயில் மண்டபத்தில் நின்று அப்படி ஒரு பொய்யைச் சொல்லாதீர்கள்.

ரசிகன் தம்பி சொன்னதுபோல் பகைக்குக் காரணம் சொல்லப்படவில்லை. பழைய பகை, அவ்வளவுதான். ஆனால் அது எப்படி வளர்கிறது என்பதை ஷேக்ஸ்பியர் துல்லியமாகக் காட்டுகிறார். முதலில் முட்டிக்கொள்வது வேலைக்காரர்கள். பிறகு சொந்தக்காரப் பையன்கள். அப்புறம் இரண்டு கிழவர்களும் வாளைக் கொண்டுவா என்று தெருவுக்கு வருகிறார்கள். கடைசியில் பிள்ளைகள் பிணமாகக் கிடக்கும்போது ஓர் அப்பா "உன் மகளுக்குச் சொக்கத் தங்கத்தில் சிலை வைக்கிறேன்" என்கிறார். மற்றவர் "உன் மகனுக்கும் அதற்குக் குறையாமல் வைக்கிறேன்" என்கிறார். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அங்கேயும் போட்டிதான்.

இதற்குச் சரியான சண்டை நம்மிடமே இருக்கிறதே! திருவிழாவில் முதல் மரியாதை. இரண்டு கங்காணி வீடு, ஒரே மாரியம்மன் கோயில், பரிவட்டம் யாருக்கு முதலில்? கங்காணி வழியாக இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவருவது 1938இல் நின்றது. கதையை அதற்குக் கொஞ்சம் முன்னால் வையுங்கள். அவரவர் கூட்டிவந்த ஆட்கள் அவரவர் பக்கம். கள்ளுக்கடை வாசலில் ஒரு வார்த்தை தடித்தால் போதும், உங்கள் முதல் காட்சி தயார். கதை நடக்கும் வெரோனா ஊர் இளவரசருக்குப் பதில் தோட்ட மேனேஜரான பெரிய துரை. ரோமியோவை நாடு கடத்துவதற்குப் பதில் செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் பேரை வெட்டித் தோட்டத்தை விட்டுத் துரத்துவது. வேலை போனால் லயத்து வீடும் போயிற்று, இது தோட்டத்தில் பிறந்த யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

இனி அந்தத் தங்கச்சியின் கேள்வி. அருமையான கேள்வி, என் வகுப்பில் இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

ஜூலியட்டுக்கு இன்னும் 14 வயது நிறையவில்லை. அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களுக்கும் அந்த வயதில்தான் கல்யாணம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்துத் திருச்சபைச் சட்டம் பெண்ணுக்கு 12 வயதிலேயே அனுமதித்தது உண்மை. ஆனால் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் பெரும்பாலும் இருபதுகளின் நடுவில்தான் கல்யாணம் செய்தார்கள். அன்றைக்கு நாடகம் பார்த்த லண்டன்காரர்களுக்கும் அவள் சின்னப் பிள்ளையாகத்தான் தெரிந்திருப்பாள். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டு நெடுங்கவிதையில் அவளுக்கு ஏறக்குறைய 16. இவர் வேண்டுமென்றே குறைத்தார். அங்கே மாதக்கணக்கில் நடப்பதை ஐந்து நாளில் அடைத்தார். பெற்றோர் சொல்லை மீறியதால் வந்த வினை என்று புரூக் முன்னுரையில் கண்டிப்பார். அந்தக் கண்டிப்பை ஷேக்ஸ்பியர் தொடவில்லை. நாடகம் எழுதிய 1595ஐ ஒட்டி அவருடைய மூத்த மகள் சூசன்னாவுக்கும் ஏறக்குறைய ஜூலியட் வயதுதான். அதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் இந்த நாடகத்தை முன்போல் படிக்க முடிந்ததில்லை.

அவள் அப்பா கேபுலட்டும் முதலிலிருந்தே கொடுமைக்காரர் இல்லை. பாரிஸ் என்ற பிரபு பெண் கேட்டு வரும்போது "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும், அவ மனசு சம்மதிக்கணும்" என்கிறார். மற்ற பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவர், மிச்சம் இவள் ஒருத்திதான். பிறகு அவர் மனைவியின் சகோதரர் மகன் டிபால்ட், இளவரசரின் உறவினனான மெர்குஷியோவைக் கொன்றுவிடுகிறான். பாரிஸும் இளவரசருக்கு உறவு. உடனே கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறார். கெட்டுப்போன உறவைப் பெண்ணைக் கொடுத்து ஒட்டப் பார்க்கிறார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். ரோமியோவை ஏற்கெனவே ரகசியமாகக் கட்டிக்கொண்ட மகள் மாட்டேன் என்றதும், தெருவில் பிச்சை எடு, பட்டினி கிடந்து சாவு என்று கத்துகிறார். அது வெறும் மிரட்டல் இல்லை. அந்த வீட்டைத் தாண்டினால் அவளுக்குச் சோறு போட வேறு வாசல் கிடையாது.

அம்மா "உன்னோட எனக்குப் பேச்சு இல்ல" என்று போய்விடுகிறார். மிச்சம் அவளைப் பால் கொடுத்து வளர்த்த ஆயா. முதல் அங்கத்தில் ஆயா நீளமாகப் பேசுவதை வெட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஜூலியட்டுக்குப் பால் மறக்கடித்த நாளைச் சொல்கிறாள். புறாக்கூட்டுச் சுவர் ஓரம் வெயிலில் உட்கார்ந்து, மார்புக் காம்பில் கசப்பு மூலிகையைத் தடவிக்கொண்டதும், குழந்தை வாய் வைத்து முகம் சுளித்ததும், அன்றைக்குப் பூமி அதிர்ந்ததும். என் அம்மா தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தவர். பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, போகிற பெண்கள் விடியுமுன் தூங்குகிற பிள்ளையைக் கொண்டுவந்து ஏணையில் போட்டுவிட்டுப் போவார்கள். பால் மறக்கடிக்க வேப்பிலை அரைத்துக் கொடுப்பதும் அம்மாதான். வளர்ந்து போன பிள்ளைகளைப் பற்றி அந்த ஆயா மாதிரியேதான் பேசுவார், நாள், இடம், அழுகை ஒன்று விடாமல். நாடகத்து ஆயாவுக்கு ஜூலியட் வயதில் ஒரு பெண் பிறந்து செத்துப்போனது. இவளுக்கு ஊட்டியது அந்தப் பால். அப்படிப்பட்டவள்தான் "பேசாம பாரிஸையே கட்டிக்கோ" என்கிறாள். அவளும் சம்பளத்துக்கு அந்த வீட்டில் இருப்பவள். ரகசியக் கல்யாணத்துக்கு உடந்தை என்று தெரிந்தால் அவள் கதி என்ன? அதற்குப் பிறகு ஜூலியட்டுக்குப் பேச்சுத் துணைகூட இல்லை. தங்கச்சியிடம் இதைச் சொல்லுங்கள், நடிப்பு தானாக வரும்.

கேள்வி கேட்டவர்:

டீச்சர், முதல் மரியாதைச் சண்டை குழுவில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. வேட்டை ஆரம்பம்! அவர்களுக்கு ரகசியமாகக் கல்யாணம் செய்துவைக்கிற பாதிரியாரை என்ன செய்வது? அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் செய்த கல்யாணம் செல்லுமா?

பதில்: பதிவு அலுவலகத்தில் இருந்தவர்

மலேசியாவில் இன்றைக்கு நடக்காது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. 21 வயது ஆகாதவர்களுக்கு அப்பாவின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அதற்கு முன்னால் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதியாதவர்கள் ஏராளம். உங்கள் கதை நடக்கும் காலத்துக்கு அதுவே போதும்.

பதில்: ஓய்வுபெற்ற டீச்சர்

இங்கிலாந்திலும் 1753ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை ரகசியக் கல்யாணம் முறைகேடு என்றாலும் செல்லும். அதனால்தான் ஜூலியட்டுக்கு அவ்வளவு பயம், இரண்டாவது கல்யாணம் அவளுக்குப் பாவம். பாதிரியாருக்குப் பதில் கோயில் பண்டாரத்தை வையுங்கள், மூலத்தில் அவரும் மூலிகை பறிக்கிறவர்தான். எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களை எல்லாம் 1540க்குள் மூடிவிட்டதால், லண்டன்காரர்களுக்கு இப்படிப்பட்ட துறவி பழைய மதத்து ஆள். புரூக் அவர்களைத் திட்டுகிறார். ஷேக்ஸ்பியர் அவரை நல்லெண்ணம் உள்ளவராக, அவசரப்படுகிறவராக எழுதினார். வில்லனாக்கிவிடாதீர்கள்.

ஜூலியட் சாகவில்லை, மருந்தால் மயங்கித்தான் கிடக்கிறாள் என்று பாதிரியார் ரோமியோவுக்கு எழுதிய கடிதம் போய்ச் சேராத இடத்தை விதி என்று தள்ளிவிடவும் வேண்டாம். கொண்டுபோனவர் இருந்த வீட்டில் கொள்ளைநோய் என்று சந்தேகப்பட்டுக் கதவை அடைத்து முத்திரை வைத்துவிடுகிறார்கள். 1592இலிருந்து 1594வரை லண்டன் நாடக அரங்குகள் பெரும்பாலும் நோயால் மூடிக்கிடந்தன, பார்க்க வந்தவர்களுக்கு அடைத்த கதவு பழகிய காட்சி. 2020 மார்ச்சில் வீட்டுக்குள் இருந்த நமக்கும் புரியும். தோட்டக் கதையில், கப்பலில் வந்த ஆட்களைத் தனிமைப்படுத்திய பினாங்கு ஜெரஜாக் தீவை எப்படியாவது உள்ளே கொண்டுவாருங்கள்.

ரோமியோவுக்கு விஷம் விற்கும் மருந்துக்காரருக்கு ஒரே காட்சிதான், நேரமில்லை என்று அதைத் தூக்கிவிடுவார்கள். விற்றால் மரண தண்டனை என்று தெரிந்தும் பசியால் விற்கிறார். அந்தப் பணக்கார வீடுகளின் சண்டையில் எந்தப் பக்கமும் சேராத மனிதர் அவர். ஆள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பெரியவர் இருக்கிறார், அந்தக் காலத் தோட்டத்து நாடகங்களில் நடித்தவர். நான் கேட்டால் வருவார்.