மோட்லாராய்ட்: 50 பேர் வாழும் ஊருக்கு எதற்குச் சுவர்?

பனிப்பறவை:
வணக்கம். ஜெர்மனியில், பவேரியா மாநிலத்து ஹோஃப் நகரில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். பக்கத்தில் மோட்லாராய்ட் என்று ஒரு கிராமம் இருக்கிறது, அமெரிக்கர்கள் அதை "சின்ன பெர்லின்" என்றே கூப்பிட்டார்கள் என்று வகுப்புத் தோழி சொன்னாள். தேடிப் பார்த்தால் மொத்தமே சுமார் 50 பேர்தான். பெர்லின் பெருநகரம், அங்கே சுவர் கட்டியது புரிகிறது. மாட்டுக்கொட்டகையும் வயலுமாக இருக்கிற ஊரின் நடுவே ஏன் கட்டினார்கள்? இப்போது போனால் பார்க்க என்ன இருக்கிறது? நேரில் போனவர்கள் சொல்லுங்கள்.

எல்லைக்கல்:
எனக்கு வேலை ஹோஃப் பக்கம்தான், தங்கச்சி. ஊரிலிருந்து யார் வந்தாலும் கோட்டை, அரண்மனை என்று அலையவிடாமல் முதலில் இங்கேதான் கூட்டிப்போவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சுவரிலிருந்து ஆரம்பித்தால் இந்த ஊர் பிடிபடாது. ஊர் நடுவே டான்பாக் என்று ஓர் ஓடை போகிறது. ஒரு பையன் ஓடிவந்து தாண்டிவிடக்கூடிய அகலம்தான். அதுதான் எல்லை. 1810-ல் அதன் கரையோரம் கற்கள் நட்டார்கள். ஒரு பக்கம் கே.பி. என்று செதுக்கியிருக்கும், பவேரிய அரசு. மறுபக்கம் எஃப்.ஆர்., ராய்ஸ் என்ற குட்டிச் சமஸ்தானம். அது பிறகு துரிங்கியா மாநிலத்தோடு சேர்ந்தது. கற்களை இன்றும் பார்க்கலாம். குனிந்து எழுத்தை விரலால் தடவிப் பாருங்கள், பாசிக்கு அடியில் நன்றாகவே தெரியும்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான்: ஏறக்குறைய 140 வருஷம் அந்த எல்லைக்கோட்டை ஊர்க்காரர்கள் சட்டையே செய்யவில்லை. பள்ளிக்கூடமும் சாராயக்கடையும் துரிங்கியா கரையில். கோயிலுக்கு எல்லோரும் போனது பவேரியாவில் இருக்கும் டோப்பனுக்கு. பெண் எடுத்ததும் கொடுத்ததும் ஓடையைத் தாண்டித்தான். வரி கட்டும்போது மட்டும் இரண்டு ஊர், மற்றபடி ஒரே ஊர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பவேரியா அமெரிக்கர் கைக்கும் துரிங்கியா சோவியத் கைக்கும் போயின. 1949-ல் பவேரியா மேற்கு ஜெர்மனியிலும் துரிங்கியா கிழக்கு ஜெர்மனியிலுமாக இரண்டும் வேறு வேறு நாட்டில் போய்விட்டன. அப்போதுகூட அனுமதிச் சீட்டு வைத்துக்கொண்டு அக்கரைக்குப் போய்வர முடிந்தது. எல்லாம் மாறியது 1952 மே மாதக் கடைசியில். கிழக்கு ஜெர்மனி அரசு எல்லை நெடுக 10 மீட்டர் அகலத்துக்கு மண்ணை உழுது போட்டது, காலடித் தடம் பதியட்டும் என்று. அதை அடுத்து 500 மீட்டர் காவல் பகுதி, பிறகு 5 கிலோமீட்டர் தடைப் பகுதி. ஓடைக்கரை வீடுகள் எல்லாம் அந்த முதல் 500 மீட்டருக்குள் மாட்டிக்கொண்டன. "நம்பத்தகாதவர்கள்" என்று பெயர் குறித்த குடும்பங்களை ஜூன் மாதம் எல்லை நெடுகிலும் ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த நடவடிக்கைக்கு அதிகாரிகள் வைத்த பெயர் "பூச்சி ஒழிப்பு". உழுது பிழைத்த மனிதர்களைப் பூச்சி என்று எழுதியிருக்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

முதலில் பலகை வேலி, பிறகு முள்கம்பி. 1966-ல் கான்கிரீட் சுவர், 700 மீட்டர் நீளம், இரண்டு ஆள் உயரம். "ஏன் கட்டினார்கள்" என்று கேட்டீர்களே, காரணம் வீடுகள்தான். காட்டிலும் வயலிலும் வேலி போதும், தூரத்திலிருந்தே ஆளைப் பார்த்துவிடலாம். இங்கே வீட்டுக்கு எதிர்வீடு வேறு நாடு. சுவர் இருந்தால் ஓட்டமும் நிற்கும், பார்வையும் நிற்கும். கிழக்குக் கரைக்காரர்கள் அக்கரையைப் பார்த்துக் கையசைக்கவே தடை இருந்தது. அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம் என்றால் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியதுதான்.

ஈயச்சொம்பு:
ஒரு சந்தேகம். பவேரியா பக்கச் சொந்தக்காரர்கள் விசா வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கலாமே?

எல்லைக்கல்:
கிழக்கு ஜெர்மனிக்குள் போக விசா கிடைக்கும், ஆனால் அந்தத் தடைப் பகுதிக்குள் விடமாட்டார்கள். சொந்தக்காரரைப் பார்க்க வேண்டுமானால் அவர் 5 கிலோமீட்டர் தாண்டி வேறு ஊருக்கு வரவேண்டும். எதிர்வீட்டு மனிதரைச் சந்திக்க இரண்டு பேரும் வெளியூருக்குப் பயணம் போகவேண்டியிருந்தது. ஏணி வைத்துச் சுவரைத் தாண்டித் தப்பியவரும் உண்டு, 1973-ல். 1983-ல் அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ் வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனார். உலகத்துக்கு ஊர் பெயர் தெரிந்தது, ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் மாறவில்லை.

ரயில்பிரியன்:
ஹோஃபில் இருப்பதால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1989-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரத்து மேற்கு ஜெர்மன் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்த ஆயிரக்கணக்கான கிழக்கு ஜெர்மானியரைச் சிறப்பு ரயில்களில் ஏற்றி, கிழக்கு ஜெர்மனி வழியாகவே கொண்டுவந்து இறக்கியது உங்கள் ஹோஃப் ஸ்டேஷனில்தான். அக்டோபர் 1 காலையில் முதல் ரயில்கள் வந்தன. மோட்லாராய்ட்டுக்குக் கிளம்புமுன் பிளாட்பாரத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

பனிப்பறவை:
தினமும் அந்த ஸ்டேஷனில்தான் இறங்குகிறேன், இது தெரியாது! சரி, சுவர் எப்போது விழுந்தது? இப்போது ஒரே ஊராகிவிட்டதா?

எல்லைக்கல்:
பெர்லினில் 1989 நவம்பர் 9-ல் வழி திறந்தது. இங்கே ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 9-ல்தான், நடந்து போகிற அளவுக்கு ஒரு வழி விட்டார்கள். 1990 ஜூன் 17-ல் எந்திரம் கொண்டு இடித்தார்கள். சுமார் 100 மீட்டரை மட்டும் அப்படியே விட்டுவைத்தது ஊர்க்காரர்களும் அக்கறை உள்ளவர்களும் செய்த நல்ல காரியம். அருங்காட்சியகம் அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. சுவர், வேலி, காவல் கோபுரம் எல்லாம் அங்கே பார்க்கலாம்.

ஒரே ஊரா என்றால், மனிதர்கள் அளவில் ஆம். நிர்வாகத்தில் இன்றும் இரண்டு. ஒரு கரை டோப்பனைச் சேர்ந்தது, மறுகரை கேஃபெல் நகராட்சி. இரண்டு மேயர், இரண்டு அஞ்சல் குறியீடு, இரண்டு தொலைபேசிக் குறியீடு. ஜனவரி 6 பவேரியா கரையில் விடுமுறை, எதிர்க்கரையில் வேலை நாள். அக்டோபர் 31 அதற்கு நேர்மாறு. சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோடு 1810-லும் இருந்தது, அப்போது யாரையும் பிரிக்கவில்லை. துப்பாக்கி பிடித்த ஆளைக் கோட்டின் மேல் நிறுத்தியபிறகுதான் ஊர் உடைந்தது.

இன்னொன்று, போகும் வழியில் வயல்களைப் பாருங்கள். பவேரியா பக்கம் குடும்ப நிலங்கள் சிறிதாக இருக்கும். துரிங்கியா பக்கம் கூட்டுப்பண்ணைக் காலத்தில் வரப்புகளை அழித்து ஒன்றாக்கிய நிலம், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர்.

ஈயச்சொம்பு:
அண்ணா, பஸ் உண்டா?

எல்லைக்கல்:
வாரக் கடைசியில் பஸ்ஸை நம்பிக் கிளம்பாதீர்கள். காரில் அரை மணி நேரம்கூட ஆகாது, நாலு பேர் சேர்ந்து வண்டி எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலமானால் நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், பாதிக்கு மேல் வெளியில் நடந்து பார்க்கிற இடம்.